ஆறு வயது றொட்வைலரை வெள்ளவத்தைத் தொடர்மாடிக்குக் கொண்டுவரலாமா?

உப்புக்காற்று | ஒக்டோபர் 10, இரவு 9.52

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. நாய் வளர்த்தவர்களின் சொல் வேண்டும்.

நுகேகொடையில் ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. காவலுக்கு வைத்திருந்த பெண் றொட்வைலர் நாயை வளவின் பின்பக்கத் தூணில் கட்டியபடியே விட்டுவிட்டார்கள். வீடு விற்கும்வரை பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். அவர் நாளுக்கு ஒரு தரம் வந்து மதிலுக்கு மேலால் பாணைப் போட்டுவிட்டுப் போவார். ஏழு மாதம் இப்படியே போயிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் தாங்கமாட்டாமல் நாய்களை மீட்கிற ஒரு அக்காவுக்குச் சொல்லி, இப்போது மாலபேயில் ஓரிடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள். பெயர் ஷீபா. நிறை 29 கிலோ. கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லை, தோல் தடித்துக் கறுத்துப் போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். நான் நினைத்துப் போனது வேறு. கதவைத் திறந்ததும் குரைக்கவில்லை. ஆறுதலாக நடந்து வந்தது, என் முழங்காலில் தன் விலாவைச் சாய்த்தது, முழுப் பாரத்தையும் என்மேல் போட்டுவிட்டு அப்படியே நின்றது. கழுத்தைத் தடவினேன். உள்ளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, தூரத்தில் தண்ணீர் மோட்டார் ஓடுகிற மாதிரி. உறுமுகிறது என்று கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். அந்த அக்கா, "இல்லை, அது சந்தோஷத்தில் போடுகிற சத்தம்" என்றார். உண்மைதானா?

எங்கள் நிலைமையைச் சொல்கிறேன். வெள்ளவத்தை, மரைன் டிரைவ் பக்கம், நாலாம் மாடி, மூன்று அறை. நான், கணவர், ஒன்பது வயது மகள், அம்மா. அம்மாவுக்கு நாய் என்றால் சரியான பயம். 'றொட்வைலர்' என்ற பெயரைச் சொன்னதுமே வீட்டில் ஒருவரும் இரண்டு நாள் என்னோடு வடிவாகக் கதைக்கவில்லை. ஆனால் அந்தச் சாய்வை என்னால் மறக்க முடியவில்லை.

தெஹிவளைத் தகப்பன் | ஒக்டோபர் 10, இரவு 10.31

சகோதரி, கோபிக்காதீர்கள். எடுக்க வேண்டாம்.

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் ஐந்து வயதுப் பிள்ளையை இரண்டு றொட்வைலர்கள் கடித்துக் குதறியதை மறந்துவிட்டீர்களா? அதுக்கு இரண்டு மாதம் முன்னர்தான் இந்திய மத்திய அரசு 23 இன நாய்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருந்தது, அதில் றொட்வைலரும் இருந்தது. சும்மா எழுதியிருப்பார்களா?

என் சின்ன மகளை எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு நாய் கடித்தது. கன்னத்தில் ஆறு தையல். கேற்றைத் திறந்து விட்டவர்கள் "ஒருநாளும் கடிக்காத நாய்" என்றுதான் சொன்னார்கள். அவள் இப்போதும் நாயைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போகிறாள். உங்கள் வீட்டிலும் பிள்ளை இருக்கிறது. நாய் பாவம்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். பாவம் பார்த்துப் பிள்ளையின் முகத்தைப் பணயம் வைக்க முடியாது.

கொட்டாஞ்சேனை 13 | ஒக்டோபர் 10, இரவு 10.48

கொழும்பில் தெருவுக்குத் தெரு கட்டாக்காலிக் குட்டிகள் வீடில்லாமல் நிற்கின்றன. நாய்தான் வேண்டும் என்றால் அதில் ஒன்றை எடுக்கலாமே? சின்ன உடம்பு, இந்த வெயிலுக்குப் பழகியது, செலவும் குறைவு.

நாலுகண்ணன் | ஒக்டோபர் 11, காலை 6.15

ராஜகிரியவிலிருந்து எழுதுகிறேன். பத்தொன்பது வருடமாக றொட்வைலர் வளர்க்கிறேன், மூன்று நாய்கள், மூன்றும் இன்னொருவர் வேண்டாம் என்று விட்டவை. தங்கச்சி கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

அந்தச் சத்தம் உண்மை. இந்த இனத்தைத் தெரியாதவர்கள் அதைத்தான் முதலில் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். தடவும்போது, சாய்ந்து நிற்கும்போது, விளையாட்டுச் சாமானை வாயில் வைத்துக்கொண்டு வரும்போது தொண்டைக்குள் உருளும். எங்கள் வீட்டில் அதற்குப் 'புறுபுறுப்பு' என்று பெயர். உறுமல் வேறு. உறுமும்போது உடம்பு கட்டையாகும், வாய் இறுகும், கண் உங்களை விட்டு நகராது, மூச்சே நின்ற மாதிரி இருக்கும். புறுபுறுக்கும்போது உடம்பு தளர்ந்திருக்கும், பின்பக்கம் முழுவதும் ஆடும். காதை நம்பாதீர்கள், உடம்பைப் பாருங்கள். சாய்வதும் இவற்றின் வழக்கம்தான். என் இரண்டாவது நாய், 52 கிலோ ஆண், வருகிறவர்களின் காலில் சாய்ந்தே ஒரு பெரியவரைக் கதிரையோடு கவிழ்த்திருக்கிறது.

இனி இனத்தைப் பற்றி. காவல் நாய் என்று சொல்லித்தான் இங்கே குட்டி விற்கிறார்கள். உண்மையில் இது மாட்டோடு நடந்த நாய். தெற்கு ஜேர்மனியில் றொட்வைல் என்று ஒரு பட்டணம் இருக்கிறது, ரோமர்கள் அமைத்த இடம். அங்கே இறைச்சிக்கடைக்காரர்கள் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போகவும், இறைச்சி வண்டி இழுக்கவும் இந்த நாயை வைத்திருந்தார்கள். பிறகு ரயில் வந்தது, மாட்டை வீதியால் ஓட்டுவது நின்றது, நாய்க்கு வேலை போனது. 1882இல் ஹைல்ப்ரொன் நகரத்தில் நடந்த நாய்க் கண்காட்சிக்கு ஒரேயொரு றொட்வைலர்தான் வந்ததாம், அதுவும் நல்ல நிலையில் இல்லை. கிட்டத்தட்ட அழிந்துபோன இனத்தைப் பொலிஸ் வேலைதான் காப்பாற்றியது. 1921இல் அவர்களுடைய சங்கம் உருவானது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், மாடு ஓட்டிய நாய்க்கு இரண்டு குணம் உண்டு. மனிதரோடு சேர்ந்து வேலை செய்ய ஆசை. தன்னைவிடப் பெரியதைத் தள்ளிப் பார்க்கிற துணிவு. இந்த நாயைத் தூணில் கட்டிவைத்தால் என்னவாகும்? வேலையும் இல்லை, ஆளும் இல்லை, விலகிப்போக இடமும் இல்லை. பயப்படுகிற எந்த நாயும் முதலில் தூரப் போகத்தான் பார்க்கும். சங்கிலி அந்த வழியை அடைத்துவிடுகிறது, மிச்சமிருப்பது பல் மட்டும்தான். அதைத்தான் நாங்கள் கொழும்பு முழுக்கக் கேற்றுக்குப் பின்னால் செய்துகொண்டிருக்கிறோம், பிறகு 'சாதிக்குணம்' என்கிறோம். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் இருக்கிறது.

தெஹிவளைத் தம்பி, நீங்கள் பயப்படுவதில் பிழையே இல்லை. இந்த நாய் கடித்தால் பொமரேனியன் கடித்த மாதிரி இராது. பெண் நாய்க்குச் சாதாரண நிறை 35 முதல் 48 கிலோ, தாடையும் அதற்கேற்ற மாதிரி. அதனால்தான் வைத்திருப்பவருக்குப் பொறுப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. அந்த இந்தியத் தடையுத்தரவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே செல்லாது என்றது, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று. அதற்காகச் சென்னையில் அந்தப் பிள்ளைக்கு நடந்தது இல்லையென்று ஆகாது. அங்கே நாய்கள் வாரில் இல்லை, வாய்க்கூடும் இல்லை. எனக்கு அதில் கண்ணில் படுவது அதுதான்.

தங்கச்சி, எடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப் போவதில்லை. இன்னும் நாலு தரம் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு தரமும் வேறு நேரத்தில், வேறு ஆளோடு.

உப்புக்காற்று | ஒக்டோபர் 11, காலை 8.03

அண்ணா, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். புறுபுறுப்பு வரைக்கும் கேட்டுவிட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. ஆனால் கதவடியில் நின்று மிச்சத்தையும் கேட்டா.

கொட்டாஞ்சேனைத் தம்பி, சொல்வது நியாயம்தான். குட்டிகளுக்கு எப்படியோ ஆள் கிடைத்துவிடும். ஆறு வயது றொட்வைலரை யார் கேட்பார்கள்? நாலு பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். மூன்று பேர் கேட்ட முதல் கேள்வி, "இதில் குட்டி எடுக்கலாமா?" நாலாவது ஆள் தன் கட்டுமானச் சாமான் வளவில் கட்டிவைக்கக் கேட்டிருக்கிறார்.

பேராதனை மாணவி | ஒக்டோபர் 11, மதியம் 1.20

மிருக வைத்தியம் கடைசி வருடம் படிக்கிறேன். அக்கா, எடுக்க முதல் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

முதலாவது, இரத்தம். ஏழு மாதம் வெளியில் கிடந்த நாய், உண்ணிக் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பல்முரசு வெளிறியிருக்கிறதா, சாப்பாட்டில் மனமில்லையா, சலம் தேத்தண்ணீர் நிறத்தில் போகிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் இரத்தப் பரிசோதனை செய்யாமல் கொண்டுவர வேண்டாம். இரண்டாவது, கருத்தடை சத்திரசிகிச்சை. ஆறு வயதுப் பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டினால் உயிருக்கே ஆபத்து. அதோடு, செய்துவிட்டால் குட்டி கேட்டு வருகிறவர்களின் கதையும் முடிந்துவிடும். நிறை கொஞ்சம் ஏறிய பிறகு செய்யலாம், வைத்தியர் நாள் சொல்லுவார். விசர்நாய்த் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சலுக்கான ஊசியையும் விடாதீர்கள், கொழும்பு வாய்க்காலும் வெள்ளமும் உங்களுக்குத் தெரியும்தானே.

இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு அடிக்கடி பிழைக்கும். நாலாம் மாடி என்கிறீர்கள், லிப்ட் வேலை செய்யாத நாளில் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். வயிறு ஊதித் திருகிக்கொள்வதும் பெரிய மார்புள்ள நாய்களுக்கு வரும். ஒரே நேரத்தில் நிறையக் கொடுக்காமல் இரண்டு நேரமாகப் பிரியுங்கள், சாப்பிட்ட கையோடு ஓடவிட வேண்டாம். வீட்டுச் சமையல் கொடுக்கலாம். ஆனால் எங்கள் கறியில் வெங்காயம், உள்ளி இல்லாமல் ஒன்றும் இல்லை, அது நாய்க்கு நஞ்சு. அதற்கென்று தனியாக அவியுங்கள். அவித்த எலும்பு கொடுக்கவே கூடாது, சிம்பாக உடைந்து குடலில் குத்தும்.

இன்னொன்று. 'இந்த இனம் இப்படி' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் 18,000க்கு மேற்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் பார்த்து, 2022இல் சயன்ஸ் சஞ்சிகையில் எழுதினார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையிலுள்ள நடத்தை வித்தியாசத்தில் இனத்தால் விளங்கப்படுத்தக்கூடியது சுமார் 9 வீதம்தான் என்று வந்தது. அதனால் ஒரு 'றொட்வைலரை' எடுக்கலாமா என்று கேட்காதீர்கள் அக்கா. ஷீபாவை எடுக்கலாமா என்று கேளுங்கள். அதற்கு ஷீபாவைப் பார்த்தால்தான் பதில் வரும்.

மழைத்துளி | ஒக்டோபர் 11, இரவு 11.40

இதை எழுதலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

நான் ஒரு றொட்வைலரை எடுத்துத் திருப்பிக் கொடுத்தவள். மூன்று வருடத்துக்கு முந்திய கதை. கிருலப்பனையில் வீடு, சின்ன முற்றம். படத்தைப் பார்த்துவிட்டு ஒரே தரம் போய்ப் பார்த்தேன், அன்றைக்கே காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாம் நாளே உறவுக்காரர் பன்னிரண்டு பேர் பார்க்க வந்தார்கள். எல்லோரும் தொட்டார்கள், படம் எடுத்தார்கள். அவன் மேசைக்குக் கீழே போய்ப் படுத்தான். அண்ணாவின் மகன் குனிந்து கையை நீட்டினான். உறுமினான். நான் என்ன செய்தேன் தெரியுமா? செருப்பால் அடித்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் நாய் பழக்குவார்கள்.

அதற்குப் பிறகு அவன் உறுமவில்லை. நான் பழகிவிட்டான் என்று நினைத்தேன். மூன்றாம் கிழமை, ஒரு சத்தமும் இல்லாமல் தம்பியின் கையைக் கவ்வினான். உறுமலை நான்தான் அடித்து நிறுத்தியிருந்தேன், எச்சரிக்க அவனிடம் வேறு என்ன இருந்தது? அடுத்த நாளே கொண்டுபோய் விட்டேன். வாகனத்துக்குப் பின்னால் ஓடி வராமல் நின்ற இடத்திலேயே இருந்து பார்த்தான். அவனுக்கு பிறகு நல்ல இடம் கிடைத்தது என்று அறிந்தேன். எனக்கு அது போதாது.

தங்கச்சி, மூன்று நாள், மூன்று கிழமை, மூன்று மாதம் என்று மீட்பு வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். மூன்று நாள் பயம் அடங்க, மூன்று கிழமை வீட்டு ஒழுங்கு பிடிபட, மூன்று மாதம் இது என் வீடு என்று நம்ப. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் மூன்று கிழமை ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். உறுமினால் நன்றி சொல்லிவிட்டு அதை விட்டுத் தள்ளிப் போங்கள்.

தெஹிவளைத் தகப்பன் | ஒக்டோபர் 12, காலை 5.58

மழைத்துளி, இதை வெளியில் சொன்னதற்கு நன்றி. என் மகளைக் கடித்த நாயும் சத்தம் போடவில்லை. அதை யாராவது முதலில் அடித்துப் பழக்கியிருப்பார்களா என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன்.

மூன்றாம் மாடி | ஒக்டோபர் 12, காலை 9.10

பம்பலப்பிட்டியில் ஒரு தொடர்மாடியின் குழுவில் ஐந்து வருடம் செயலாளராக இருந்தேன், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு தொடர்மாடிக்கும் ஒரு மனேஜ்மென்ட் கோப்பரேஷன், அதாவது வீட்டுச் சொந்தக்காரர்களின் நிர்வாக அமைப்பு, இருக்கும். அது உள்விதி போடலாம். முதலில் உங்கள் கட்டடத்தின் உள்விதியைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். வாடகை வீடு என்றால் சொந்தக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்யாமல் நாயைக் கொண்டுவந்து, ஆறு மாதத்தில் முறைப்பாடு வந்து, நாயைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

விதி தடுக்கவில்லை என்றால், நாய் வர முதலே குழுவுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஊசி போட்ட அட்டையின் பிரதி, மாநகர சபையில் பதிந்த துண்டு, பொது இடத்தில் வாரும் வாய்க்கூடும் இல்லாமல் நாய் வராது என்று ஒரு வரி, லிப்டில் வேறு ஆள் இருந்தால் ஏறமாட்டோம் என்று ஒரு வரி. நாய்ப் பதிவுச் சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, கொழும்பில் எத்தனை பேர் பதிகிறார்கள்? பதிந்த துண்டைக் காட்டினால் குழுவில் பாதி எதிர்ப்பு அடங்கும். என் அனுபவம் அது.

உங்கள் மாடியில் இருக்கிற எல்லா வீட்டுக் கதவையும் நீங்களே தட்டிச் சொல்லுங்கள். வாட்ச்சர் சொல்லி அறிந்தால் மனம் கோணும்.

உப்புக்காற்று | ஒக்டோபர் 27, இரவு 10.05

இரண்டு கிழமையாக எழுதவில்லை. நாலு தரம் போய் வந்தோம். அண்ணா சொன்ன மாதிரி வேறு வேறு நேரம், வேறு வேறு ஆள்.

இரண்டாம் தரம் மகளைக் கூட்டிப்போனேன். கம்பி வலைக்கு வெளியே புத்தகம் வாசித்துக்கொண்டு இரு, அதைக் கூப்பிடாதே என்று சொல்லியிருந்தேன். இருபது நிமிடம் கழித்து ஷீபா வந்து வலைக்கு அந்தப் பக்கம் அவளுக்கு நேரே படுத்துக்கொண்டது. மூன்றாம் தரம் நல்ல மழை, இடி. நடுங்கிக்கொண்டு மூலைக்குள் போய்விட்டது, ஒருவரோடும் கோபப்படவில்லை. அந்த அக்கா சாப்பிடுகிற கோப்பையைப் பாதியில் எடுத்துக் காட்டவா என்றார், வேண்டாம் என்றேன். ஏழு மாதம் பாணுக்குக் காத்திருந்த நாயிடம் அப்படிச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று கண்டுபிடித்தோம். நான் "வா, இரு" என்று எவ்வளவு கூப்பிட்டும் அசையவில்லை, காது கேட்காதோ என்றுகூட நினைத்தேன். அங்கே வேலை செய்கிற பையன் "வரென்" என்றான், ஓடி வந்தது. "இந்தகன்ன" என்றான், இருந்தது. அதற்குச் சிங்களம்தான் தெரியும்! அறுபத்தேழு வயது அம்மா, கொழும்புக்கு வந்து இருபது வருடமாகியும் சந்தையில் விலை கேட்க மட்டும் சிங்களம் பேசுகிறவ, இப்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று வேண்டாம் என்பதற்கு "எபா, எபா" சொல்லிப் பழகுகிறா.

ஆம், அம்மா வந்தா. நாலாம் தரம். காரைவிட்டு இறங்கமாட்டேன் என்றா. கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தா. பையன் ஷீபாவைக் காருக்குத் தள்ளிக் கூட்டிப்போனான், அப்போதுதான் அந்தக் கழுத்துத் தெரிந்தது. எங்கள் ஊர் கோண்டாவில். வீட்டு முடக்கில் வைரவர் கோயில், வருடா வருடம் அம்மா தன் கையால் வடை சுட்டு மாலை கட்டிச் சாத்தினவ. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வைரவற்ற வாகனத்தின்ர கழுத்தைப் பாரன், என்ன செய்து வைச்சிருக்கிறாங்கள்" என்றா. வீட்டுக்கு வரும்வரை வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் இருந்தது, மருந்து நடக்கிறது. குழு சம்மதம் எழுத்தில் வந்துவிட்டது, கீழ் மாடி ஒரு குடும்பம் மட்டும் எதிர்த்தது. நவம்பர் 15 கூட்டி வருகிறோம்.

நாலுகண்ணன் | ஒக்டோபர் 28, காலை 6.02

நல்லது தங்கச்சி. வாய்க்கூடு வாங்கும்போது கூடை மாதிரி இருப்பதை வாங்குங்கள், உள்ளே வாயைத் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியவேண்டும். துணியால் வாயை இறுக்கிக் கட்டுகிற வகை வேண்டவே வேண்டாம். நாய்க்கு வாயால் மூச்சு வாங்கித்தான் சூடு தணிய வேண்டும், கறுப்பு உடம்பு, கொழும்பு வெயில், ஆளைக் கொன்றுவிடும். இன்றைக்கே வாங்கி மாலபேக்குக் கொண்டுபோங்கள். உள்ளே ஒரு துண்டு கோழி வைத்து அதுவாக மூக்கை விடட்டும். ஒரு கிழமை பூட்டாமல் அப்படியே. காலை நடை ஆறு மணிக்கு முன்னர். பகலில் கூட்டிப்போக வேண்டி வந்தால் புறங்கையைத் தார் வீதியில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் காலுக்கும் சுடும்.

உப்புக்காற்று | டிசம்பர் 8, இரவு 9.30

இன்றைக்கு இருபத்துமூன்று நாள். நல்லதை மட்டும் சொல்லமாட்டேன்.

முதல் மூன்று நாள் குளியலறைக் கதவடியில் படுத்தது படுத்தபடி. நாலு அடிக்கு மேல் நடக்காது, நடந்துவிட்டு நின்று திரும்பிப் பார்க்கும். கணவர்தான் சொன்னார், அந்தச் சங்கிலியின் நீளம் அவ்வளவுதான் இருந்திருக்கும் என்று. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஐந்தாம் நாள், மகள் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்றிய சத்தத்துக்கு எழும்பி, விறாந்தை முழுவதும் நடந்து வந்தது.

பன்னிரண்டாம் நாள் ஒரு பிழை நடந்தது. லிப்ட் கதவு திறந்தது, வெளியே சாப்பாடு கொண்டுவந்த தம்பி ஒருவர், தலையில் ஹெல்மெட். ஷீபா பாய்ந்தது. வாய்க்கூடு போட்டிருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நான்தான் நிலத்தில் விழுந்து முழங்கை உரசியது. அந்தத் தம்பியின் கை நடுங்கியதைப் பார்த்தேன், மன்னிப்புக் கேட்டேன், கீழே கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்தோம். மீட்ட அக்காவிடம் விசாரித்தால், பாண் போட வருகிற ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வருவாராம். பொல்லாலும் தட்டுவாராம்.

கணவர் பழைய ஹெல்மெட்டைக் கொண்டுவந்து விறாந்தை மூலையில் வைத்தார். முதல் நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பக்கத்தில் அவித்த ஈரல் துண்டு போட்டோம். ஒவ்வொரு நாளும் ஒரு அடி கிட்ட. பிறகு அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு மடியில், பிறகு தலையில். நேற்று ஹெல்மெட் போட்ட மனிதரின் காலில் சாய்ந்து புறுபுறுத்தது. வெளியாட்கள் என்றால் இன்னும் நேரம் எடுக்கும், அதுவரை படியால்தான் இறங்குகிறோம், காலை 5.15க்கு, இடுப்புக்காக ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று.

மகளையும் ஷீபாவையும் இன்னும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடுவதில்லை. அது மாறப் போவதுமில்லை.

பேராதனைத் தங்கச்சி, 31ஆம் திகதி இரவு வெடிக்கு என்ன செய்வது? கடற்கரைப் பக்கம் விடிய விடிய வெடிப்பார்கள்.

பேராதனை மாணவி | டிசம்பர் 9, காலை 7.45

அக்கா, பின்னேரம் வெளிச்சம் இருக்கும்போதே நடத்திக் கூட்டி வந்துவிடுங்கள், இருட்டிய பிறகு கதவு திறக்க வேண்டாம். கடலுக்கு மறுபக்கமாக உள்ள அறை எதுவோ அங்கே திரை போட்டு, மின்விசிறியும் வானொலியும் ஓடவிடுங்கள். ஒளிய விரும்பினால் ஒளியட்டும், இழுக்காதீர்கள். பக்கத்தில் ஆள் இருந்து தடவினால் பயம் கூடும் என்று சொல்வது பிழை, தாராளமாக இருங்கள். கழுத்துப் பட்டியில் தொலைபேசி எண் எழுதிய தகடு இருக்கட்டும். மாலபே மழையில் அவ்வளவு நடுங்கியது என்றால், மருந்து தேவையா என்று இப்போதே வைத்தியரிடம் கேளுங்கள், 31ஆம் திகதி கேட்டால் பிந்திவிடும்.

தெஹிவளைத் தகப்பன் | டிசம்பர் 9, இரவு 8.12

சகோதரி, நான் இன்னும் என் வீட்டில் வைக்கமாட்டேன். ஆனால் லிப்ட் கதையை மறைக்காமல் எழுதினீர்கள், அந்தத் தம்பிக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள். எங்களுக்கு அன்றைக்கு ஒருவரும் அதைச் செய்யவில்லை. அந்தக் கூடை வாய்க்கூடு எங்கே வாங்கினீர்கள்? எங்கள் ஒழுங்கை வீட்டுக்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.

உப்புக்காற்று | டிசம்பர் 9, இரவு 9.01

அண்ணா, உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அளவு எடுக்காமல் வாங்க வேண்டாம், மூக்கின் நீளமும் சுற்றளவும் வேண்டும்.

உப்புக்காற்று | ஜனவரி 1, காலை 7.20

எல்லோருக்கும் புதுவருட வாழ்த்து. இரவு பதினொன்றரைக்கே தொடங்கிவிட்டார்கள். ஷீபா நாங்கள் ஆயத்தம் செய்த அறையை விட்டு எழும்பிக் குசினிக்குள் போய், காஸ் சிலிண்டருக்கும் அரிசி வாளிக்கும் நடுவே புகுந்துகொண்டது. நான் போக வெளிக்கிட, எனக்கு முதல் அம்மா கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா. வாளிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, ஷீபாவின் தலையில் கையை வைத்துக்கொண்டு தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தா. பெரிய வெடி கேட்கும்போதெல்லாம் நடுவில் நிறுத்தி, "எபா, எபா, ஒண்டுமில்லை" என்பா, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவா. ஒரு மணி அளவில் ஓய்ந்தது. இப்போது இரண்டு பேரும் நித்திரை. 35 கிலோ வந்துவிட்டது, சத்திரசிகிச்சைக்கு 9ஆம் திகதி நாள் தந்திருக்கிறார்கள்.